எழுந்து போகும் உரிமை



உளவியல் ஆய்வில் அறம் என்ற பொருளில் பேச அழைத்தீர்கள். பெரிய பொருள். ஒரு மாலையில் அதை முழுக்கப் பேச முயன்றால் விதிகளின் பட்டியலாகத்தான் முடியும். அந்தப் பட்டியல் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவு எப்படியும் மனப்பாடம் செய்துவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பரிசோதனைக்குள் வந்துவிட்ட ஓர் உயிர், மனிதரோ குரங்கோ நாயோ, "போதும், என்னை விடுங்கள்" என்று தெரிவித்தால் அதன்பிறகு என்ன நடக்கிறது?

சம்மதம் வாங்குவது பற்றி நம் துறையில் பேச்சுக்குக் குறைவில்லை. படிவம் அச்சடிக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், கோப்பில் சேர்க்கிறோம். இதெல்லாம் நுழையும்போது நடப்பது. நுழைந்தவர் நடுவில் எழுந்து போக நினைத்தால் வழி உண்டா என்பதை அதே அக்கறையோடு நாம் கேட்பதில்லை. உளவியலின் பேர்போன பரிசோதனைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

1946 டிசம்பரில் நியூரம்பர்க் நகரில் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கு தொடங்கியது. வதைமுகாம் கைதிகளை உறைகுளிர் நீரில் அமிழ்த்தியும், காற்றழுத்தம் குறைந்த அறையில் அடைத்தும், நோய்க்கிருமி ஏற்றியும் செய்த பரிசோதனைகளுக்காக 23 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 1947 ஆகஸ்டில் தீர்ப்போடு சேர்த்து, மனிதர் மீதான பரிசோதனைக்கு 10 விதிகளையும் நீதிபதிகள் எழுதிவைத்தார்கள். முதல் விதி தன்விருப்பமான சம்மதம் பற்றியது; எல்லோரும் எடுத்துச் சொல்வது அதைத்தான். ஒன்பதாவது விதியை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. இனித் தாங்காது என்ற நிலைக்கு உடலாலோ மனத்தாலோ வந்துவிட்டவர், பரிசோதனையை அங்கேயே முடித்துக்கொள்ளும் சுதந்திரம் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது அது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1961 ஆகஸ்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தம் ஆய்வைத் தொடங்கினார். ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்த அதே ஆண்டு. மில்கிராம் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சாதாரண மனிதர்கள் கொடிய கட்டளைக்கு எப்படிப் பணிகிறார்கள் என்று அவர் கேட்டதில் யாரும் குறை காண முடியாது. கேட்ட விதத்தைப் பார்ப்போம்.

நினைவாற்றல் ஆய்வுக்கு ஆள் தேவை என்று நியூ ஹேவன் நகரப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். வருகிறவர் சீட்டு எடுப்பார். சீட்டு எல்லாவற்றிலும் 'ஆசிரியர்' என்றே எழுதியிருக்கும். 'மாணவர்' மில்கிராமின் ஆள். மாணவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 விசைகள். ஷாக் பொய்; ஆனால் அது ஆசிரியருக்குத் தெரியாது. 300 வோல்ட்டில் அடுத்த அறைச் சுவர் இடிபடும். சற்று நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிடும்.

பலரும் நிறுத்தப் பார்த்தார்கள். நிறுத்தப் பார்த்தவரிடம் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த பரிசோதகர் சொல்ல வேண்டிய நான்கு வாசகங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. முதலாவது, தயவுசெய்து தொடருங்கள் என்பது. நான்காவது, உங்களுக்கு வேறு வழி இல்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்பது. நான்கையும் கேட்டுவிட்டு அப்போதும் மறுத்தவர்களை விட்டுவிட்டார்கள். அறைக்கதவு பூட்டியிருக்கவில்லை என்பது உண்மைதான்; வழி இல்லை என்று வாயால் சொல்லியிருந்தார்கள். வழி இருக்கும்போதே இல்லை என்று சொன்ன அந்த நான்காவது வாசகம் நியூரம்பர்க்கின் ஒன்பதாவது விதிக்கு நேர் எதிரானது. நாஜிகளின் கட்டளைக்குப் பணிந்தவர்களைப் புரிந்துகொள்ளப் புறப்பட்ட ஆய்வு, நாஜி மருத்துவர்களைத் தண்டித்த மன்றம் எழுதிய விதியை மீறியபடி நடந்தது.

முதல் தொடரில் வந்த 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். இந்த எண்ணை எல்லோரும் அறிவார்கள். அதே கட்டுரையில் உள்ள இன்னோர் எண்ணைக் கேளுங்கள்: மூன்று பேருக்குக் கட்டுக்கடங்காத வலிப்பே வந்தது. மற்றவர்களில் பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் மில்கிராம் 1963இல் தாமே பதிவு செய்தார். அடுத்த ஆண்டே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இதைக் கண்டித்து எழுதினார். ஆய்வுக்கூடம் என்பது வந்தவர் நம்பி வரும் இடம், அந்த நம்பிக்கையையே கருவியாக்கிவிட்டீர்கள் என்பது அவர் கண்டனத்தின் சாரம். மில்கிராம் பதில் சொன்னார்: பின்னர் அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதிலளித்தவர்களில் 84 விழுக்காட்டினர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றே தெரிவித்திருக்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. முடிந்தபின் ஒருவர் சமாதானமாகப் பேசுகிறார் என்பது, நடுவில் அவரைப் போகவிடாமல் பேசியதற்கு நியாயம் ஆகாது. பிற்காலத்தில் ஜீனா பெரி என்ற ஆய்வாளர் யேல் ஆவணக்காப்பகத்தில் தேடியபோது, பலர் முழு உண்மையும் தெரியாமலே அன்று வீடு திரும்பியதும் தெரியவந்தது. ஒரு மனிதரைத் துன்புறுத்திவிட்டோம் என்ற எண்ணத்தோடு போனவர்கள் அவர்களில் உண்டு.

கீழ்ப்படிதலை ஆராய வேறென்ன வழி, விருப்பம்போல் போகலாம் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் எழுந்து போய்விட மாட்டார்களா என்று கேட்கலாம். மில்கிராமின் பரிசோதனையை மாற்றங்களோடு திரும்பச் செய்து ஜெர்ரி பர்கர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை. வந்தவர்களை முன்கூட்டியே மருத்துவ உளவியலாளர் பார்த்தார். எப்போது வேண்டுமானாலும் போகலாம், கொடுத்த பணம் உங்களுக்கே என்று ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று முறை தெரிவிக்கப்பட்டது. 150 வோல்ட்டைத் தாண்டப்போகும் இடத்தில் பரிசோதனை நிறுத்தப்பட்டது. அத்தனைக்குப் பிறகும் 70 விழுக்காட்டினர் மேலே போகத் தயாராகத்தான் இருந்தார்கள். போகலாம் என்று சொல்லிவைத்ததால் கண்டுபிடிப்பு கெட்டுப்போகவில்லை.

மாணவர்கள் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடித்த ஸ்டான்ஃபோர்டு சிறைப் பரிசோதனையை நீங்கள் படம் போட்டே பார்த்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 ஆகஸ்டில், இரண்டு வாரம் என்று திட்டமிட்டு ஆறாம் நாள் நின்றது. கைதிகளாக நடித்த மாணவர்கள் கையெழுத்திட்ட தாளில், மருத்துவ ஆலோசகர்கள் போதுமானது என்று கருதும் உடல்நலக் காரணத்துக்கோ, ஆய்வாளர் பிலிப் ஜிம்பார்டோ தகுந்தது என்று கருதும் காரணத்துக்கோ மட்டுமே விடுவிக்கப்படுவேன் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. சம்மதப் படிவமே சிறைச்சாலை ஆகிவிட்டது. 8612 என்ற எண் கொடுக்கப்பட்ட மாணவர் போக வேண்டும் என்று கேட்டபோது, காவலர்கள் தொல்லை தராமல் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்களுக்குத் தகவல் கொடு என்று ஜிம்பார்டோ பேரம் பேசினார். பேராசிரியர் சிறைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்பவராகவும் அவரே இருந்தார். நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டது வெளியிலிருந்து வந்து பார்த்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். ஆய்வின் பலனில் பங்கில்லாத ஒருவர் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று இன்றைக்கு விதி எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாய் திறந்து சொல்லத் தெரியாதவர்களிடம் வருகிறேன். 1920இல் உளவியலாளர் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு கைக்குழந்தையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். குழந்தை வெள்ளை எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னாலிருந்து எஃகுத் தண்டைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அலறும்படி செய்தார்கள். அப்போது அதற்குப் பதினொரு மாதம். அந்த அச்சத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். குழந்தை தான் இருந்த மருத்துவமனையை விட்டுப் போகப்போகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இவ்வளவும் பாடத்தில் உண்டு. பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்று மூலக் கட்டுரையில் இருக்கிறது. பயம் வந்ததும் குழந்தை கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டது. விரல் வாயில் இருக்கும்வரை பயம் காட்டவில்லை. எதிர்பார்த்த அலறல் வர வேண்டுமே என்று, அந்த விரலைத் திரும்பத் திரும்ப வாயிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது என்று ஆசிரியர்களே எழுதுகிறார்கள். தவழும் பிள்ளைக்கு அங்கிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி அந்த விரல்.

வாட்சன் பிற்பாடு குழந்தை வளர்ப்பு பற்றிப் புத்தகமே எழுதினார். பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள், மடியில் வைக்காதீர்கள் என்று அறிவுரை சொன்னார். அமெரிக்காவில் ஒரு தலைமுறைத் தாய்மார் அதைப் படித்தார்கள். நம் பாட்டிமார் படிக்காதது நல்லதாயிற்று. அந்த அறிவுரை தவறு என்று உளவியலாளர்களுக்கு உறைக்கும்படி காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ. அதைக் காட்டிய விதம்தான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது.

ஹார்லோவின் கூடத்துக்கு முதலில் வந்த செம்முகக் குரங்குகள் இந்தியாவில் பிடிக்கப்பட்டவை. அன்றைக்கு அது பெரிய ஏற்றுமதி. போலியோ தடுப்பூசி வேலைக்காக 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் குரங்குகள் இங்கிருந்து போயின. வந்து சேரும்போது பலவும் நோயோடு வந்ததால், ஹார்லோ தாமே குரங்கு வளர்க்கத் தொடங்கினார். நோய் தொற்றாதிருக்கப் பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வளர்த்தார். குட்டிகள் கூண்டில் விரித்திருந்த துணியை இறுகப் பற்றிக்கொண்டு விட மறுத்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்ததுதான் கம்பித் தாய், துணித் தாய் பரிசோதனை. பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டி நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயிடம் கழித்தது. 1958இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரையின் தலைப்பே அன்பின் இயல்பு என்பதுதான்.

அதோடு நின்றிருந்தால் இன்று இவ்வளவு பேச்சு இருக்காது. பிறகு குட்டிகளைப் பிறந்ததிலிருந்து மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று யாரையும் பார்க்காத தனிமையில் வைத்தார். பின்னர் மனச்சோர்வை உண்டாக்கவென்றே ஓர் எஃகுக் குழி செய்தார். பக்கச்சுவர் சரிந்து கீழே குறுகும் குழி; அதற்கு நம்பிக்கையின்மையின் கிணறு என்று பெயர் வைத்ததும் அவரே. உள்ளே விடப்பட்ட குரங்கு முதல் இரண்டு மூன்று நாள் வழுவழுப்பான சுவரில் ஏறப் பார்த்தது. பிறகு மூலையில் சுருண்டுகொண்டது. அந்தச் சுருண்ட நிலைதான் ஆய்வின் முடிவாக அச்சேறியது. ஏறப் பார்த்ததை மறுப்பு என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஹார்லோ இல்லாமல் இந்த அறிவு கிடைத்திருக்குமா? அநாதை விடுதிகளில் தொடுவார் இல்லாத குழந்தைகள் வாடிப்போவதை ரெனே ஸ்பிட்ஸ் 1945இலேயே எழுதிவிட்டார். ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கையே கொடுத்தார். ஆய்வுக்கூட உளவியல் அதை நம்ப மறுத்தது. குரங்கு வந்து சாட்சி சொன்ன பிறகு நம்பியது. மருத்துவமனைகளும் குழந்தைகள் இல்லங்களும் மாறியதில் ஹார்லோவுக்குப் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் துணித் தாயிலிருந்து எஃகுக் குழிவரை போன தூரத்துக்கு அந்த நன்மையைக் கணக்குக் காட்ட என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது நம் ஊர்ச் சங்கதி. நம் கோயில் படிக்கட்டுகளிலும் மலைப்பாதைகளிலும் திரிகிற நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரிய இனம். 1960களில் நியூயார்க்கில் காஃப்மன், ரோசன்ப்ளம் என்ற ஆய்வாளர்கள் தாயைக் குட்டியிடமிருந்து பிரிக்கும் பரிசோதனையை இரண்டு குரங்கினங்களில் செய்தார்கள். பன்றிவால் குரங்குக் குட்டிகள் தாய் போனதும் ஒடுங்கிப்போயின. நாட்டுக் குரங்குக் கூட்டத்திலோ மற்றப் பெண் குரங்குகள் குட்டியை வாங்கி அணைத்துக்கொண்டன. அது அவ்வளவாகச் சோர்ந்துபோகவில்லை. சித்தி, பெரியம்மா இருக்கிற வீடு வேறுதானே! தனிக் கூண்டில் ஓர் இனத்தை அடைத்துக் கண்டதை எல்லாத் தாய்க்கும் சேய்க்கும் பொது விதியாக்கியது அறிவியல் நோக்கிலும் அவசரமே என்பதை இது காட்டிக்கொடுத்தது.

விலங்கு உளவியலின் அடியில் ஒரு முரண் கிடக்கிறது. குரங்கு நம்மைப் போலவே அஞ்சுகிறது, ஏங்குகிறது, சோர்கிறது. அதனால்தான் அதன்மீது செய்த ஆய்வு நமக்குப் பயன்படும் என்கிறோம். குரங்கு நம்மைப் போன்றது இல்லை, அதனால்தான் அதன்மீது செய்யலாம் என்றும் சொல்கிறோம். உடலியங்கியலில் இந்த முரணை ஓரளவு மழுப்பலாம். சிறுநீரகம் ஒத்திருக்கிறது, மனம் ஒத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடலாம். உளவியலில் அது முடியாது. ஒத்திருக்கும் அந்த மனம்தான் நமக்கு வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட நாய்ப் பரிசோதனை இந்த உரையின் பொருளையே பரிசோதனையாக்கியது. தொட்டிலில் கட்டிய நாய்களுக்கு 64 முறை ஷாக். ஒரு குழு தலையால் பலகையைத் தள்ளி அதை நிறுத்தலாம். இன்னொரு குழு என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள் தாழ்வான தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள்; தாண்டினால் தப்பிக்கலாம். நிறுத்த முடியாமல் போன எட்டில் ஆறு நாய்கள் பெரும்பாலும் தாண்டித் தப்பிக்கவே இல்லை. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதற்குப் பெயரிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நெடிய துன்பத்துக்கு முன் சும்மா கிடப்பது மூளையின் இயல்பான நிலை. கற்றுக்கொள்ள வேண்டியது, தன்னால் ஏதும் செய்ய முடியும் என்பதைத்தான்.

இந்த ஆய்வு மனச்சோர்வு சிகிச்சைக்கு வழிகாட்டியது என்று பாடம் நடத்துகிறோம், சரி. வேறெங்கு போனது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2001க்குப் பின் அமெரிக்க உளவு நிறுவனம் கைதிகளை விசாரிக்க வகுத்த கொடிய முறைகளுக்குப் பின்னால் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இருந்தார்கள். கைதியைக் கையறுநிலைக்குக் கொண்டுவருவதே நோக்கம். அவர்களுடைய நிறுவனத்துக்கு 8 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டதை 2014இல் வெளியான செனட் குழுவின் அறிக்கை சொல்கிறது. இந்த விவகாரத்தில் அமெரிக்க உளவியல் சங்கமும் பாதுகாப்புத் துறைக்கு வளைந்துகொடுத்ததை மறு ஆண்டு வந்த ஹாஃப்மன் அறிக்கை அம்பலப்படுத்தியது. செலிக்மன் இதற்குப் பொறுப்பாளி என்று நான் சொல்ல வரவில்லை. தப்ப வழியில்லாத உயிர் எப்படி உடையும் என்று துல்லியமாக எழுதிவைத்தால், உடைக்க நினைப்பவனும் அதைப் படிப்பான்.

கொடுமையில் விளைந்த அறிவை என்ன செய்வது? 1981இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளரின் கூடத்தில் 17 குரங்குகள் இருந்தன. கை நரம்பின் உணர்விழைகளை வெட்டிவிட்டு, நல்ல கையைக் கட்டிப்போட்டு, மரத்த கையைப் பயன்படுத்தவைப்பது ஆய்வு. அங்கே வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் பச்செக்கோ என்ற விலங்குரிமைச் செயற்பாட்டாளர், கூண்டுகளின் அசுத்தத்தையும் குரங்குகள் தங்கள் விரல்களையே கடித்துக்கொண்டிருந்ததையும் படமெடுத்துக் காவல்துறையிடம் கொடுத்தார். வழக்கு நடந்தது, தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆனால் 1985இல் அமெரிக்க விலங்குநலச் சட்டம் திருத்தப்பட இந்த வழக்குதான் பெரிய காரணம்.

கதை அதோடு முடியவில்லை. எஞ்சிய குரங்குகளின் மூளையை ஆராய்ந்து 1991இல் ஒரு கட்டுரை வந்தது. கைக்கு உரிய மூளைப் பகுதி, முகத்தைத் தொட்டால் துடித்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பணியாற்றிவந்த வி. எஸ். ராமச்சந்திரன். கையிழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக இளைஞர் சொன்னார். பிறகு ஒரு கண்ணாடி வைத்த பெட்டியால் இல்லாத கையின் வலியையே சிலருக்குத் தணித்துக் காட்டினார். நூற்றாண்டின் அழகான பரிசோதனைகளில் ஒன்று. செலவு சில டாலர். கண்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து போக அந்த இளைஞருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அந்தப் பஞ்சுக் குச்சி எங்கே தொட வேண்டும் என்பதைச் சொன்னது குரங்கின் வெட்டுண்ட நரம்பு. டாப்பின் முறையும் இன்று பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிகிச்சையாகிவிட்டது. நம் வீட்டில் ஒருவருக்குக் கை விழுந்தால் அந்தச் சிகிச்சையை வேண்டாம் என்போமா? நான் சொல்ல மாட்டேன். அதற்காக அந்தக் கூண்டுகள் நியாயமாகிவிடவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்கத்தான் வேண்டியிருக்கிறது.

விலங்குக்கு எழுந்து போகும் உரிமை கொடுக்கவே முடியாது என்பவர்களுக்கு ஓர் உதாரணம். எமரி பல்கலைக்கழகத்தின் கிரிகரி பர்ன்ஸ் 2012இல் விழித்திருக்கும் நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து காட்டினார். கட்டவும் இல்லை, மயக்கமருந்தும் இல்லை. காதைப் பிளக்கும் அந்த எந்திரத்துக்குள் தலையை அசைக்காமல் வைத்திருக்கப் பல மாதம் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினார். குழந்தைகளுக்கான சம்மதப் படிவத்தைப் பார்த்து எழுதிய படிவத்தில் நாயை வளர்ப்பவர் கையெழுத்திட்டார். நாய் எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். போனால் அன்றைய வேலை முடிந்தது. இதற்குப் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும், கிடைக்கும் தரவும் குறைவு. எல்லா ஆய்வையும் இப்படிச் செய்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். செய்யக்கூடியவற்றையாவது இப்படிச் செய்யலாமே.

நம் சட்டத்தைப் பார்ப்போம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததன்பேரில் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அவரே முதல் தலைவர். நடனத்துக்காக மட்டும் அவரை நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சட்டம் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. புத்தகமோ மாதிரியோ போதும் என்றால் விலங்கைத் தவிர் என்கிறது. அறுவை செய்தால் வலி தெரியாதபடி மயக்கமருந்து கொடு என்கிறது. உளவியல் ஆய்வு நழுவிப்போவது இங்கேதான். அச்சத்தையும் பிரிவையும் ஆராய்பவருக்கு விழித்திருக்கும் விலங்கு வேண்டும். அறுவைக்குச் சட்டம் வைத்திருக்கும் மருந்தை அந்தத் துன்பத்துக்குக் கொடுக்க முடியாது. 1998 விதிகளின்படி நிறுவனந்தோறும் விலங்கு நெறிமுறைக் குழு உண்டு. அதில் வெளியாரும், அறிவியலார் அல்லாத ஒருவரும் உறுப்பினர். கையில் வரும் விண்ணப்பத்தில் எத்தனை எலி, என்ன மருந்து என்று பார்ப்பதோடு, இந்த எலி தப்பிக்கப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.

இனி நம் வீட்டு வாசல். குரங்கு ஆய்வு நம் ஊர் உளவியல் துறைகளில் அநேகமாக இல்லை. இருப்பது கேள்வித்தாள். கேள்வித்தாள் யாரை என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்க் கரையோரங்களிலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் ஆய்வாளர்கள் வந்து குவிந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயிடம், இரவில் தூக்கம் வருகிறதா, அலைச் சத்தம் கேட்கிறதா என்று கேள்வி. நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர் கையிலும் தாள், ஆய்வுக்காரர் கையிலும் தாள். பதில் சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் விட்டுப்போகுமோ என்று அஞ்சுபவர் எப்படி எழுந்து போவார்? இலங்கையின் அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆய்வுநெறி பற்றி 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இங்குள்ள துறைகளில் அதைப் பாடமாக வைக்கலாம்.

கைபேசியில், எழுந்து போக வழியில்லாமல் செய்வது இன்னும் சுலபம். 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேருக்குக் காட்டப்படும் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014இல் கட்டுரை வந்தபிறகுதான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பதே தெரியாதவர் எங்கிருந்து வெளியேறுவது?

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை ஆய்வுக்காக நேர்காணல் செய்வதற்குக்கூட அவருடைய தன்விருப்பச் சம்மதம் வேண்டும் என்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. சமூக, நடத்தை அறிவியல்களுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் நான் தேர்வாளராகப் போய்வந்த கலைக் கல்லூரிகள் பலவற்றில், முதுகலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சம்மதப் படிவம் ஒன்று இருக்கும். அது எங்கே, யார் முன்னிலையில், எப்படி நிரப்பப்பட்டது என்று கேட்டால் மாணவர் விழிப்பார். பெரும்பாலும் நடப்பது இதுதான். தலைமையாசிரியர் சரி என்கிறார். வகுப்பாசிரியர் கையில் பிரம்பில்லை, அவ்வளவுதான்; வகுப்பிலேயே நிற்கிறார். அறுபது பிள்ளைகளும் வீட்டில் சண்டை உண்டா, சாகத் தோன்றியதுண்டா என்ற கேள்விகளுக்கு வட்டமிடுகிறார்கள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்க்கிறான். மணி அடிக்கும் முன் எல்லாத் தாளும் வந்துசேர்கிறது. ஒன்றுகூடக் காலியாக வராது. நூறு விழுக்காடு பதில் வந்தது என்று ஆய்வேட்டில் பெருமையாக எழுதுகிறோம். எனக்கு அந்த நூறு விழுக்காட்டைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.

இங்கே வந்திருக்கும் நெறியாளர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. உங்கள் மாணவர் கேள்வித்தாளோடு ஒரு வகுப்புக்குள் நுழையும்போது, அந்த வகுப்பின் ஆசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். விடுதிப் பிள்ளைகளிடம் போனால் காப்பாளரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர் செய்வதற்கு வேறொரு வேலையை, ஒரு படக்கதையையோ புதிரையோ, அதே அளவுத் தாளில் கையோடு கொண்டுபோங்கள். மறுத்தவர் யார் என்று பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிய வேண்டாம். எல்லோரும் தாளைத் தாங்களே உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். சாகத் தோன்றியதுண்டா என்ற கேள்வி தாளில் இருந்தால், உண்டு என்று எழுதும் பிள்ளை அன்றே யாரிடம் போய்ப் பேசலாம் என்பதைத் தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஆய்வேட்டில் எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்று எழுத ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். வரும் கல்வியாண்டிலிருந்து அந்த வரி இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, புதுச் சட்டம் தேவையில்லை, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். அடுத்த துறைக் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும்.